முதலிலேயே முதலில் வராத குற்றம்

ஒரு பருவத்தில் பதினெட்டு கார் பந்தயங்கள் என்றால், பதினெட்டும் முடிந்த பிறகே சாம்பியன் யார் என்பது தெரியவரும். இந்த ஏற்பாடு வெகுகாலமாக யாருக்கும் தொந்தரவு தராமல் நடந்துவந்தது. ஒழுங்காக நடக்கும் காரியம் எதுவும் நிர்வாகத்தின் கண்ணுக்கு நெடுநாள் தப்பாது. மோட்டார் பந்தய ஆணையத்தின் தலைவர் ஒரு நாள் காலை டீயைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்காக இவ்வளவு நாள் காத்திருக்கணும்?" என்று கேட்டார்.

அறையில் செயலாளர் அம்மாள் மட்டும் இருந்தார்.

"எதுக்கு சார்?"

"சாம்பியன் யாருன்னு தெரியறதுக்கு."

"பந்தயமெல்லாம் முடியணுமே சார்."

"அதைத்தான் கேக்கறேன். எதுக்கு முடியணும்?"

செயலாளர் அம்மாள் கையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். தலைவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னால் அந்த வேலை தன் தலையிலேயே விழும் என்பது பல தலைவர்களைப் பார்த்த அவருக்குத் தெரியும்.

தலைவர் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. எதையும் நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது அந்த வருஷம் ஒரு நாகரிகமாகப் பரவியிருந்தது. ரயில்வே இலாகா எந்த ரயில் எவ்வளவு தாமதமாக வரும் என்று முன்கூட்டியே அறிவித்து, அந்தத் தாமதத்தைக் காலந்தவறாமல் கடைப்பிடித்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளி வாசற்படி ஏறும்போதே குணமாகும் தேதியைச் சொன்னார்கள். அந்தத் தேதியில் கட்டிலைக் காலி செய்தார்கள். பள்ளிக்கூடங்களில் முதல் வாரத்திலேயே யார் யார் தேறமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டதால் வாத்தியார்களுக்குப் பெரிய பாரம் குறைந்தது. பந்தய ஆணையம் ஒன்றுதான் ஏதோ பழைய காலத்து ஆள் மாதிரி, நடந்த பிறகு சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டங்களில் தலைவரால் தலை நிமிர முடியவில்லை.

ஆகவே ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். விலையுயர்ந்த ஷூவும், உள்ளே காலுறை இல்லாத காலுமாக வந்தார். அறிவாளிகள் அப்போது அப்படித்தான் வந்தார்கள். சுவரில் வண்ண வண்ணக் கோடுகளைக் காட்டினார்.

"முதல் மூணு பந்தயத்துல யார் முன்னாடி இருக்காங்களோ, பெரும்பாலும் அவங்கதான் சார் சாம்பியன்."

"பெரும்பாலும்னா?"

"பத்து வருஷத்துல ஏழு வருஷம்."

"மிச்சம் மூணு?"

"அதெல்லாம் புள்ளிவிவரத்தோட ஒத்துழைக்காத வருஷங்கள் சார்."

தலைவர் யோசித்தார். "பரீட்சையில நூத்துக்கு எழுபது எடுத்தா பாஸா, ஃபெயிலா?"

"முதல் வகுப்பு சார்."

"அப்போ முதல் வகுப்புல தேறின ஒரு விஷயத்தை இன்னும் எதுக்குச் சோதிச்சுப் பாக்கணும்?"

அப்போது பருவத்தில் சரியாக மூன்று பந்தயங்கள் முடிந்திருந்தன. மூன்றிலும் முதலில் வந்தவன் மின்னல் என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஓர் இளைஞன். அன்று மாலையே அவன்தான் இந்தப் பருவத்தின் சாம்பியன் என்று அறிவிப்பு வெளியானது. மீதமுள்ள பந்தயங்கள் 'முடிவைப் பாதிக்காத வகையில் வழக்கம்போல் நடைபெறும்' என்று அதே அறிவிப்பு உறுதியளித்தது.

பந்தயத் தடத்தின் கடைசிக் கொட்டகையில், கார் ஒன்றின் அடியில் படுத்திருந்த ஒரு பெண்மணி ரேடியோவில் இதைக் கேட்டார். கார் அவர் தம்பியுடையது. தம்பிக்கு ஊரில் நிதானம் என்று பெயர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பருவத்தின் ஆரம்பத்தில் அவர் ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. முதல் பந்தயங்களில் அவர் கார் சொல்வதைக் கேட்பார். அதற்கப்புறம்தான் கார் அவர் சொல்வதைக் கேட்கும். போன பருவத்தில் கடைசிப் பந்தயம் வரை துரத்தி, மயிரிழையில் கோப்பையைக் கோட்டைவிட்டவர். இந்தப் பருவம் விட்டால் இன்னொன்று கிடைக்குமா என்பது அவருக்கே சந்தேகம்.

"தம்பி, கேட்டியா? நீ தோத்துட்டியாம்."

"எப்போக்கா?"

"இனிமேல்தான்."

நிதானம் சிரித்தார். "ஓட்டிக் காட்டினா வாயை மூடிக்குவாங்க" என்றார். பாவம், அதிகாரிகளைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

நாலாவது பந்தயத்தில் நிதானம் முதலில் வந்தார். மின்னல் இரண்டாவது.

ஆணையத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். சாம்பியன் தோற்பது முன்னறிவிப்புக்கு இழுக்கு. சாம்பியன் ஓட்டினால்தானே தோற்பார்? ஆகவே கோப்பையின் கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு, சாம்பியன் காரில் ஏறக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மின்னலுக்குத் தடத்தின் ஓரத்தில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும், கையசைக்க வசதியாக ஒரு மேடையும் கிடைத்தன. அவனுடைய காரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள்.

ஐந்தாவதிலும் நிதானம். ஆறாவதிலும் அவர்தான்.

ஒரு நாள் மின்னல் யாருக்கும் தெரியாமல் கடைசிக் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு சுத்து உங்க காரை ஓட்டட்டுமா?"

"ஏம்ப்பா, உன் கார்?"

"அது கண்காட்சியில இருக்கு. நானும்தான்." அவன் கண் கலங்கியிருந்தது. "வீட்டுல கூட ஸ்கூட்டர் சாவியை எடுத்து வச்சுட்டாங்க. யாராவது பின்னாலிருந்து முந்திட்டா அசிங்கம்னு அப்பா சொல்றார்."

அக்கா கார்ச் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தான். அதற்குள் ஆணையத்தின் காவலர்கள் மூச்சு வாங்க ஓடிவந்து, சாம்பியனைப் பத்திரமாகக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப் போனார்கள்.

நிதானம் ஜெயிப்பதை நிறுத்தவில்லை. ஆணையம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசிப் பந்தயமும் முடிந்தபின் அவரை விசாரணைக்கு அழைத்தது. அக்காவும் கூடப் போனார். அலுவலக வாசலில் நிதானத்தின் ரசிகர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு, "நியாயம் வேண்டும்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு விசாரணையைத் தொடங்கினார்கள்.

"முன்னறிவிப்புக்கு முரணா ஓட்டினதா உங்க மேல புகார்" என்றார் தலைவர்.

"நான் ஜெயிச்சேன் சார்."

"அதுதான் புகார்."

"முதல்ல வந்தவன்தானே சார் ஜெயிச்சவன்?"

"நீங்க முதல்ல வந்தீங்க. யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா முதல்லயே முதல்ல வரலையே?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஆரம்பத்துல கார் தயாராகலை சார். கியர் பெட்டி புதுசு. ஒவ்வொரு ஓட்டத்துலயும் கோளாறு எங்கேன்னு பாத்துப் பாத்துச் சரி பண்ணினேன்."

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ பருவத்துக்கு நடுவுல காரை நல்லாக்கியிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

"ஆமா. அதுதானே என் வேலை?"

"முன்னறிவிப்புக்கு அப்புறம் திருந்தியிருக்காங்க சார்" என்று ஆலோசகர் தலைவரிடம் வருத்தத்தோடு சொன்னார். "எல்லாரும் இப்படித் திருந்த ஆரம்பிச்சா நாங்க எதை நம்பிச் சொல்றது?"

"நடந்து முடிஞ்சப்புறம் சொல்லுங்களேன்" என்றார் அக்கா.

"அதை யார் வேணும்னாலும் சொல்லலாமேம்மா. அதுக்கு ஆணையம் எதுக்கு?" என்றார் தலைவர்.

வெளியே கூச்சல் கூடிக்கொண்டே போய், ஒரு கல் ஜன்னல் கண்ணாடியைத் தட்டியது. தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் சுவரிலிருந்த கோடுகளைப் பார்த்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"சார், இவர் ஜெயிச்ச கடைசி மூணு பந்தயம் இருக்கே, அது இந்தப் பருவத்தோட ஆரம்பத்துல இருந்து ரொம்ப தூரம். ஆனா அடுத்த பருவத்துக்கு எவ்வளவு பக்கம் பாருங்க!"

"அதனால?"

"அதை அடுத்த பருவத்தோட முதல் மூணு பந்தயமா எடுத்துக்கலாம் சார். அப்படிப் பாத்தா இவரு முதல்லயே முதல்ல வந்துட்டாரு."

தலைவர் எழுந்து வந்து நிதானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார். அடுத்த பருவத்தோட சாம்பியன் நீங்கதான்."

ஜன்னலைத் திறந்து இதைச் சொன்னார்கள். வெளியே நிதானத்தின் பெயர் சொல்லி ஆரவாரம் எழுந்து, வீதியெல்லாம் அதிர்ந்தது. கல்லெறிந்தவரே கண்ணீர் விட்டதாகச் சொல்கிறார்கள். காலையில் முன்னறிவிப்பைக் கேலிக்கூத்து என்று ஏசியவர்கள், மாலையில் அது ஒரு நுட்பமான விஞ்ஞானம் என்றும் மின்னலின் விஷயத்தில் மட்டும் சற்றுத் தவறாகக் கையாளப்பட்டுவிட்டது என்றும் டீக்கடையில் விளக்கினார்கள்.

பரிசளிப்பு மேடையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. மின்னல் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, அது யாருடையதோ என்பதுபோல் பிடித்தபடி நின்றான். அடுத்து நிதானத்தைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தபோது அக்கா முழங்கையைப் பிடித்தார்.

"வாங்காதே. ஓடாத பந்தயத்துக்கு என்ன கோப்பை?"

நிதானம் கோப்பையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவர் கனவில் கேட்ட சத்தம் இப்போது காதிலேயே கேட்டது.

"நான் நியாயமா ஓடினப்போ கிடைக்கலக்கா. இப்போ ஓடாமலே குடுக்கறாங்க. வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

"இதை எதிர்த்துத்தானேடா உள்ளே போனோம்?"

"அது வேற. அது அவனுக்குக் குடுத்தாங்க."

முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மேடை ஏறினார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கலப்படமில்லாதது. அதைப் பார்க்கத்தான் அக்காவால் முடியவில்லை. அவர் படி இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, கொட்டகைக்குப் போய்க் காரின் அடியில் படுத்துக்கொண்டார். கழற்ற வேண்டியது எதுவும் இல்லை. சும்மா படுத்திருந்தார்.

அடுத்த பருவம் பிறந்தது. மின்னலின் மெத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் நிதானத்துக்கும் ஒரு மெத்தை நாற்காலி போடப்பட்டது. மற்ற ஓட்டுநர்களை ஓடவிட்டால் முடிவு குழம்பக்கூடும் என்று ஆலோசகர் எச்சரித்ததால், கார்கள் அனைத்துக்கும் ஓய்வு அளித்து ஆணையம் உத்தரவிட்டது. பந்தயங்கள் மட்டும் குறித்தபடி நடந்தன. டிக்கெட்டுகள் ஒன்றுவிடாமல் விற்றன.

முதல் பந்தயத்துக்கு அக்காவும் போனார். யாருமே வந்திருக்கமாட்டார்கள் என்று நேரில் பார்த்து ஆறுதல் அடையலாம் என்ற எண்ணம். உள்ளே கால் வைக்க இடமில்லை. குடும்பம் குடும்பமாக, கொடியும் தொப்பியும் தொலைநோக்கியுமாக உட்கார்ந்திருந்தார்கள். தடம் வெறிச்சோடிக் கிடந்தது. குறித்த நேரத்தில் ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான தலைகள் இடமிருந்து வலமாகத் திரும்பின. சத்தம் போனதும் மறுபடி இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தன. யாரோ ஒருவர் "அடேயப்பா, என்ன வேகம்!" என்றார். நிதானம் மேடையிலிருந்து கையசைத்தார்.

அக்கா தன் கண்ணைத் தானே நம்பமாட்டாமல் எழுந்து நின்று, தடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். ஒரு காகிதம் பறந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

பின்வரிசையில் இருந்தவர் அவர் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா, மறைக்குது."