கறுத்த கையும் கடலடி ஆவியும்

தொண்ணூற்றாறாம் ஆண்டு திருகோணமலையில் இரண்டு வரிசைகள் மகா நீளம். ஒன்று சோதனைச்சாவடி வரிசை. அங்கே அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மற்றது லிங்கநகரில் சமுத்திரச் சித்தரின் கொட்டிலுக்கு முன்னால். அங்கே உள்ளங்கையைக் காட்ட வேண்டும். முதல் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவதில் நின்றவர்கள் கும்பிட்டார்கள்.

உப்பளத்திலும் கருவாடு காயப்போடும் வாடியிலும் வேலை செய்த சில பெண்களின் உள்ளங்கையில் கரி அப்பியதுபோல ஒரு படை விழுந்திருந்தது. நோவில்லை, அரிப்பில்லை. நோகாத வியாதிக்கு ஆஸ்பத்திரி எதற்கு? சித்தர் காரணம் கண்டுபிடித்தார்: கடலில் செத்த புருசனின் ஆவி கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம்; பிடித்த இடம் கறுக்குமாம். தாலியைக் கழற்றிச் சித்தரிடம் கொடுத்தால் விட்டுவிடுமாம். ஆவிக்குப் பொன்மீது அத்தனை ஆசை!

சித்தர் பெண்முகம் பாராத விரதக்காரர். நடுவில் காவித் திரை. அதன் ஓட்டைக்குள்ளால் கையை நீட்ட வேண்டும். பிடிப்பார், நடுங்குவார், "உன்ரை புருசன் கடலடியில கிடக்கிறான், மகளே" என்பார். வீட்டுக்கு வீடு ஆள் காணாமற்போன காலம். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் மாங்காய் விழும். தாலி கைமாறியதும் நுரைக்கல்லால் படையைத் தேய்ப்பார். மேல்தோலோடு கறுப்பும் போகும். ஒரு மாதத்தில் படை திரும்பி வரும். தாலி வராது.

கடலுக்குப் போன இராசமலரின் புருசனைப் பற்றி இரண்டு வருடமாகச் சேதியில்லை. உப்பளத்தில் உப்பு அள்ளிய அவளுக்கும் கை கறுத்தது. தாலியைக் கழற்றுவதென்று முடிவுகட்டி வரிசையில் நின்றாள். அவளிடம் உப்பு வாங்கும் கிண்ணியாக் கருவாட்டுக்காரி ஸுல்பிகா, புருசன் ஆதம்பாவாவையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கழுத்தில கை வைக்காத புள்ள! எனக்கும் இதே கறுப்புத்தான். டொக்டர் பிளேட்டால சுரண்டிப் பூதக்கண்ணாடியில பாத்தார். உப்பில வளர்ற கறுத்த பூஞ்சணமாம். களிம்பு பூசி வலக்கை சுகம்."

"இடக்கை அப்பிடியே கிடக்குதே அக்கா?"

"அத உன்ட சித்தருக்கெண்டு வச்சிருக்கன்."

முன்னே புகுந்து அந்தக் கையைத் திரைக்குள் நீட்டினாள். சித்தர் பிடித்தார். நடுங்கினார்.

"ஐயோ மகளே! உன்ரை புருசன் கடலடியில கிடக்கிறான். மீன் கண்ணைத் தின்னுது!"

பக்கத்தில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்ற ஆதம்பாவாவுக்குப் புரையேறியது.

"யா அல்லாஹ்! நான் எப்ப மௌத்தாப் போனனான்? அப்ப காலையில புட்டுப் போதாதெண்டு சண்டை பிடிச்சது ஆரு?"

"மையத்துக்கு இவ்வளவு பசியா எண்டுதான் நானும் யோசிச்சன்" என்றாள் ஸுல்பிகா.

வரிசை சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தடுமாறியது: "அது... அது உன்ரை முந்தின புருசன்!"

"முந்தினவனா? ஆரடி அவன்?" ஆதம்பாவா திரையைப் பிடித்து இழுத்தார். கயிறோடு வந்தது. சித்தரின் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஊர்த் தாலிகள் பாம்புக்குட்டிபோலச் சுருண்டு கிடந்தன. பெண்கள் டின்மேல் பாய்ந்தார்கள். பெண்முகம் பாராத விரதம் அன்றைக்கு நன்றாகவே கலைந்தது.

இராசமலர் மட்டும் தாலியைப் பொத்திப் பிடித்தபடி கேட்டாள்:

"என்ரை மனுசன் இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஐயாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது, பிள்ளை."

சித்தர் அந்தக் கொட்டிலில் சொன்ன ஒரே உண்மை அது. அவள் தாலியோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஊரவரே, ஆவி எவர் கையையும் பிடித்ததில்லை. கழுத்தில் கிடப்பதற்காகக் கையைப் பிடிக்கிறவன் எப்போதும் உயிரோடிருக்கிறவன்தான். அவனிடம் கையை நீட்டுமுன் மூளையை ஒருதரம் தட்டிப் பாருங்கள். சும்மா கிடந்தால் அங்கேயும் படை பிடித்துவிடும்.