நூலை மெதுவாக அவிழ்த்தவர்

மதுரையில் அவசரம் என்ற ஒன்றை அறியாமலே வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் மருத்துவக் கல்லூரி விடுதியில் நாங்கள் 'மெதுவாண்ணே' என்று கூப்பிட்ட மூத்த மாணவர்தான். மின்விசிறியைக்கூட முதலில் ஒன்றில் வைத்து, அது சுற்றிப் பழகட்டும் என்று காத்திருந்துதான் இரண்டுக்குத் திருப்புவார். அதற்குள் எங்கள் சட்டை நனைந்துவிடும். எண்பதுகளின் தொடக்கம் அது.

எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். மேல்படிப்புக்காக எலியின் இதயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதயத்தின் ரத்தக்குழாயை நூலால் சுருக்கிட்டுக் கட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து அவிழ்ப்பார். படக்கென்று அவிழ்த்தால், பட்டினி கிடந்த சதைக்குள் ரத்தம் பாய்ந்து, இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும். சிறுகச் சிறுகத் தளர்த்தினால் பல எலிகள் பிழைத்தன.

"காஞ்ச வாய்க்கால்ல மடையை முழுசாத் தொறந்தா கரையே பிச்சுக்கிட்டுப் போயிரும் மாப்ள. அடைக்கிறது மட்டுமில்ல, தொறக்குறதும் ஆளைக் கொல்லும்" என்பார்.

எலியோடு விட்டிருந்தால் தேவலை. அவர் மனைவி, சமயநல்லூர் மிஷன் பள்ளி டீச்சர், "என்னையவிட எலிதானே பெருசு" என்று கோபித்துத் தாய்வீடு போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. ஒருவழியாக மாமனாரிடமிருந்து ஆள் வந்தது. கோபம் ஆறிவிட்டது, மாப்பிள்ளை வந்து கூட்டிப்போகலாம் என்று சேதி. ஓடவேண்டியதுதானே?

"திடுதிப்புனு போய் நின்னா அவளும் தாங்க மாட்டா, நானும் தாங்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

முதல் ஞாயிறு பஸ்ஸில் அந்த வீட்டைக் கடந்து மட்டும் போனார். அடுத்த வாரம் இறங்கி, எதிர்த்த கடையில் ஒரு டீ. அதற்கடுத்த வாரம் இரண்டு டீ. "கொடியில அவ நீலச் சேலை காஞ்சுச்சு மாப்ள" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிடும். எங்களுக்கோ பதைபதைப்பு. இவர் இப்படித் தளர்த்திக்கொண்டே இருந்தால் அந்தம்மா மனம் மாறிவிடுவாரே என்று பயம்.

"அவங்க எலி இல்லண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தோம்.

மறு ஞாயிறு அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கையில் விடுதி வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. டீச்சரேதான், பெட்டியோடு. கோபித்துப் போன பெண் கூப்பிட ஆள் வராமல் தானாகத் திரும்புவதெல்லாம் எங்கள் பக்கம் நடக்காத காரியம்.

"எம்புட்டு நாளைக்குத்தான் டீயே குடிப்பீங்க?"

அண்ணன் பாதிப் பொத்தானோடு வாசலுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா..." என்றார். டீச்சர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் அவர் தோளில் சாய்ந்து அழுதார். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

படிப்பு முடிந்து நான் வடக்கே வேலைக்குப் போய்விட்டேன். அண்ணனை நினைக்காமல் ஒரு ஞாயிறும் கழிந்ததில்லை, பார்க்கத்தான் வாய்க்கவில்லை. போன மாதம் மதுரை வந்தவன் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். நேரே போய் நின்றால் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. எதிர்த்த கடையில் ஒரு டீ சொன்னேன்.

மாடியிலிருந்து நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு உள்ளங்கையைக் கீழே காட்டி, மெதுவா, மெதுவா என்று அசைத்தார்.

நான் இரண்டாவது டீ சொன்னேன்.