பலகைப் பாதையில் ஒரு பந்தயம்

மச்சானை இந்தத் தடவை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை மனைவியிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். ரிட்டையர்டு சுகாதார ஆய்வாளர். பதவிதான் ஓய்வு பெற்றது, மூக்கு பெறவில்லை. போன முறை ஒரு மாதம் தங்கினார். ஃப்ரிட்ஜை மோந்தார். என் தலையணையை மோந்தார். கடைசி வாரம் என் சாக்ஸை மோந்துவிட்டுத் தங்கையிடம் எழுத்து மூலமாக அறிக்கை கொடுத்தார்.

“உங்க அண்ணன் இந்த முறை லாட்ஜ்ல தங்கட்டுமே?”

“ஏன், வீடு இடிஞ்சா போச்சு?”

“எனக்கு மூச்சு முட்டுது.”

“அவர் மோந்தா உங்களுக்கு ஏன் முட்டுது?”

இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அறிவால்தான் ஜெயிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சதுப்பு நிலம் பார்க்கப் போவதாக இருந்தோம். நானோ நூலக ஊழியன். பறவைப் புத்தகம் ஒன்று விடாமல் புரட்டியவன். அவளுக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே போய் இறங்கியதும் வாசலில் காவலர் ஆளுக்கொரு தாள் தந்தார். அதில் பத்து உயிரினங்களின் படம், பக்கத்தில் டிக் போடக் கட்டம்.

“பந்தயம்! பன்னிரண்டு மணிக்குள்ள யார் அதிகம் பாக்கறாங்களோ, அவங்க சொல்றபடிதான் உங்க அண்ணன் விஷயம்.”

“சரி.”

உடனே சரி என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

“பாதை சுத்தி இங்கதானே வந்து முடியும்?” என்று காவலரைக் கேட்டாள்.

“ஆமாம்மா.”

“அப்ப நான் கடைசி வளைவு பெஞ்சுல உக்காந்துக்கறேன். ஒரு கட்டு விடைத்தாள் திருத்தணும்.”

அவள் பள்ளி ஆசிரியை. எனக்குப் பரிதாபமாக இருந்தது. “இயற்கை நம்மளைத் தேடி வராதும்மா, நாமதான் தேடிப் போகணும்” என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு, புது பூட்ஸும் பைனாகுலருமாகக் கிளம்பினேன்.

இருபது வருடமாக “உஷ்” சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் சேற்றுக்கு மேல் போட்டிருந்த பலகைப் பாதைக்கு அது தெரியவில்லை. அடிக்கு அடி தொம், தொம் என்றது. முதல் வளைவில் ஒரு கிளை ஆடியது, மேலே ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் தண்ணீரில் வட்டம், நடுவில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு தவளை. டிக்! அப்புறம் கொசு. கொசு பட்டியலில் இல்லை.

நடுவழியில் கேமராவோடு ஒருவர் நின்றிருந்தார். என்னை ஜென்ம விரோதியைப் போலப் பார்த்தார்.

“சார், அரை மணி நேரமா அந்த நாரைக்காக மூச்சு விடாம நிக்கறேன்.”

“எங்கே நாரை?”

“நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. அதோ, அந்தப் பக்கம் பறந்துடுச்சு.”

அவர் காட்டிய திசையில் கடைசி வளைவு.

வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. விடைத்தாள் கட்டு முடிந்திருந்தது. அவள் தாளில் ஒன்பது டிக். காவலர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் சாட்சிக் கையெழுத்தே போட்டிருந்தார்.

“ஒம்பதா! உக்காந்த இடத்துலயா?”

“நீங்க ஒரு வளைவு தாண்டினா இங்க ரெண்டு வந்து இறங்குச்சுங்க. உடும்பு மட்டும் ஓடியே வந்துச்சு, பாவம்.”

“இது அநியாயம்!”

“நீங்க பாத்ரூமுக்கு நடந்தா கீழ்வீட்டுக்காரங்க முழிச்சுக்கறாங்க. அந்த நடையை நம்பித்தான் சரின்னு சொன்னேன்.”

“சார் வாரா வாரம் வந்தா நல்லா இருக்கும்” என்றார் காவலர். நிஜமாகவே ஆசைப்பட்டுச் சொன்னார்.

அவள் போனை எடுத்தாள். “அண்ணா, ஒரு மாசம் எதுக்கு? ரெண்டு மாசம் இருக்கற மாதிரியே வாங்க. அவர்தான் ரொம்ப ஆசைப்படறார்.”

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழவும் செய்தேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள்.

“நீர்நாய் ஒண்ணுதாங்க பாக்கி. பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னொரு சுத்து போய்ட்டு வர்றீங்களா?”

போனேன். நீர்நாயும் வந்ததாம்.