சிரிக்காத முகம் வேண்டி நடந்த பெரும்போர்

வாழ்க எம் தலைவி! ஊசியைக் கண்டு ஓடும் மல்லரையும் ஓர் அதட்டலில் கட்டிலோடு கிடத்தும் செவிலி, அயல்நாட்டில் வேலை பார்த்தபடியே அந்நாட்டவனான கணவனையும் உடன் குடியேற்றத் தன் நாட்டு அரசுக்கு மனு எழுதி, "போனால் கணவனோடுதான் போவேன்" என்று சூளுரைத்த வீராங்கனை, வாழ்க! மணச்சான்றும் காவல்துறைச் சான்றும் அவள் ஏவிய அம்புகளாய்ப் பறந்து இலக்கைத் தைத்தன. விழாமல் நின்றது ஒரே கோட்டை: கணவனின் புகைப்படம்.

"உதடு மூடியிருக்க வேண்டும், சிரிப்பு கூடாது" என்பது குடிவரவு அலுவலகத்தின் ஆணை. இருமுறை அனுப்பிய படமும் சிரிப்பின் பொருட்டே திரும்பி வந்தது. இன்று மாலைக்குள் சிரிக்காத முகம் போய்ச் சேராவிட்டால் மனு தள்ளுபடி. தாய்நாட்டில் புதிய வேலை காத்திருக்கும் அவள் தனியே விமானம் ஏறுவாள். அவன் எப்போது வருவான் என்பதை எந்த அலுவலகமும் சொல்லாது.

அவனோ விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையைக் காக்கும் அயராப் புன்னகையன். வெந்நீர் வரவில்லையென்று சீறுவோர் முன்னும், சாவியைத் தாமே தொலைத்துவிட்டு அவன்மேல் பாய்வோர் முன்னும் நின்று நின்று, யாரேனும் நேருக்கு நேர் பார்த்தாலே இதழ் தானாக விரியும் நிலையை எய்தியவன். திட்டினால் இன்னும் விரியும்.

படுக்கையறையின் வெள்ளைச் சுவர் போர்க்களமாயிற்று. இருவர் துணியும் அடுக்கிய ஒற்றைப் பெட்டி கட்டிலின்மேல் வாய்பிளந்து வேடிக்கை பார்த்தது. இதைப் போர் என்பது மிகையோ என்று ஐயுறுவோர், கைப்பேசியை வாளென ஏந்தி நின்ற அவள் நெற்றி வியர்வையைக் கண்டிருக்க வேண்டும்.

"அசையாதீங்க. கல்லா நில்லுங்க."

நின்றான். உதடு மூடியது. மூடிய உதட்டிலிருந்து பின்வாங்கிய சிரிப்பு கன்னக்குழிக்குள் பதுங்கியது; அங்கிருந்து துரத்தினால் கண்ணோரத்தில் கொடி நாட்டியது. தலைவி அதட்டினாள்; வளர்ந்தது. தொடையில் கிள்ளினாள், பல் தெரிந்தது. இறுதியில், வேறெவர் மீதும் ஏவத் துணியாத பேராயுதமாகிய தன் தாயின் குரல்பதிவை ஒலிக்கவிட்டாள். "மாப்பிள்ளைக்குப் பொறுப்பே கிடையாதா? ஒரு போட்டோவுக்கு இத்தனை நாளா?" என்று அது முழங்கவே, எதிரியின் பலத்தை உறிஞ்சிப் பெருகும் வரம் பெற்றவன்போல், அறைச்சாவியை நீட்டும் பணிவோடு அவன் முகம் முழுதும் மலர்ந்தது.

"என்னங்க இது, எங்கம்மா செக்-இன் பண்ணவா வந்திருக்காங்க?"

"சத்தியமா நான் சிரிக்கலம்மா. மூஞ்சி தானா போகுது."

ஆயுதம் அனைத்தும் தீர்ந்த எம் தலைவி கைப்பேசியைத் தாழ்த்தினாள். சாளரத்தில் வெயில் சாய்ந்தது. அதட்டலும் இல்லை, கோபமும் இல்லை.

"சரி, விடுங்க. நான் முதல்ல போறேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியருகே போனாள். அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மடிப்புக் கலையாமல் கட்டிலில் அடுக்கினாள். பெட்டியில் பாதி காலியாயிற்று. நீலச்சட்டை வேண்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்கத் திரும்பியவள், அப்படியே நின்றாள்.

ஆ, அந்தக் கணம்! ஆண்டுக்கணக்காக எந்த முரட்டு விருந்தினராலும் வீழ்த்த முடியாத சிரிப்பு, பாதி காலியான பெட்டியின் முன் ஒரு சொல்லும் இல்லாமல் படைகலைந்து, கன்னம் துறந்து, கண்ணோரக் கொடியும் சரிந்து மடிந்துகிடந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. ஆயினும் செவிலியன்றோ! அழுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென ஒத்திவைத்து, புலியெனப் பாய்ந்து கைப்பேசியை எடுத்தாள்.

"அப்படியே இருங்க!"

சொடுக்கினாள், அனுப்பினாள், வானமும் வையமும் மூச்சடக்கிக் காத்திருக்க, "படம் ஏற்கப்பட்டது" என்னும் பச்சை எழுத்து திரைமீது உதயசூரியனென எழுந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். "இந்த ஆளுக்கு நானே ரூம் குடுக்க மாட்டேன்மா."

வெற்றி முரசென அதிர்ந்து, வாய்விட்டு, வயிறு நோக, விழியோரம் நனைய, அடுத்த வீட்டார் சுவரைத் தட்டும்வரை அவர்கள் சிரித்தார்கள்.

பிறகு அவள் சட்டைகளை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தாள்.