சர்க்கார் புல்

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் முனிசிபல் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வரும். போன தடவை வந்ததற்கே நான் இன்னும் பதில் எழுதி முடித்தபாடில்லை. தாமிரபரணிக் கரையில் பெரிய கோயிலும் பழைய தெருக்களும் உள்ள ஒரு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாம் இருந்தது, பூங்கா மட்டும் இல்லை. டில்லியில் மகுடாபிஷேக தர்பார் நடந்த வருஷம் புதிதாக வந்த கலெக்டர் துரை எடுத்துச் சொல்லும்வரை இது ஒரு குறை என்று எங்களுக்குத் தெரியாது. ஆற்றங்கரை மருதமரத்தடியில் உட்கார்ந்து விவரமில்லாமல் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

"சுற்றி வேலி, நடுவில் புல், வாசலில் விதிகள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வாங்குகிற காற்று, சட்டப்படி காற்றே ஆகாது" என்று சேர்மன் ஐயம்பெருமாள் விளக்கினார். நாங்கள் கை தட்டினோம்.

புல் வளர்க்கும் பொறுப்பு தற்காலிகக் குமாஸ்தா வேதமுத்துவின் தலையில் விழுந்தது. கார்த்திகையில் துரையும் துரைசாணியும் பார்வையிட வரும்போது புல்வெளி பச்சைப்பசேலென்று இருந்தால் அவருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மலையடிவாரத்துக் காய்ச்சல் ஊருக்கு மாற்றல். அவர் சம்சாரம் சாலோமி அன்றைக்கே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

வேதமுத்துவுக்குச் சேரன்மகாதேவியில் கொஞ்சம் வயல் உண்டு. வீட்டுக்கு வருஷச் சாப்பாடு அதில்தான். அதை உழுது பயிரிடும் இசக்கியப்பனைத் தோட்டக்காரனாக அழைத்து வந்தார்.

"இங்கன புல்லு வளக்கணும்வே."

"மாட்டுக்கா ஐயா?"

"இல்ல. பாக்கதுக்கு."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுப் போயிருவாங்க."

"ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்று இசக்கியப்பன் நிஜமான கவலையோடு கேட்டான்.

பெங்களூரிலிருந்து தகர டப்பாவில் சீமைப் புல் விதை வந்தது. விதைத்தார்கள், முளைத்தது. ஒருநாள் காலையில் வேதமுத்து போய்ப் பார்த்தால் தரை மொட்டையாகக் கிடக்கிறது. இசக்கியப்பன் இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நிற்கிறான்.

"ஒரே களை ஐயா. ஒண்ணு விடாம பிடுங்கிட்டேன்லா!"

பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து புல்லைக் கண்டால் பிடுங்குகிற கை. வேதமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மலைக்காய்ச்சலில் தாம் நடுங்குவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"அழாதிய ஐயா. பச்சையா வேணும், அம்புட்டுத்தான? எனக்குத் தெரிஞ்ச பச்சை ஒண்ணு இருக்கு" என்றான் இசக்கியப்பன். நெல்லை நெருக்கமாக விதைத்துத் தண்ணீர் கட்டினான்.

கார்த்திகையில் துரை வந்தார். குனிந்தார். தடவிப் பார்த்தார். "என் தேசத்தில்கூட இப்படிப் புல் இல்லை!" என்று உருகிப்போனார். துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேதமுத்து அங்கேயே நிரந்தரமானார். "புல்லில் கால் வைக்கக் கூடாது" என்ற பலகையைத் துரையே தம் கையால் நட்டார்.

பூங்காவுக்குப் போவது அதன் பிறகு நாகரிகமாகிவிட்டது. வக்கீல்கள் காலுறையும் கைத்தடியுமாக வந்தார்கள். வாசலில் காவல்காரன் சொரிமுத்து ஒவ்வொருவரையும் விசாரிப்பான்.

"உள்ள என்ன சோலி?"

"ஒரு ஆளைப் பாக்கணும்."

"சோலி உள்ளவங்களுக்கு உள்ள எடமில்ல. சோலி இல்லாதவங்க மட்டும் வாங்க."

நான் மூன்று வாரம் பழகி, சோலி இல்லாதவன் போல முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றேன். லேசுப்பட்ட காரியமில்லை.

தை பிறந்தது, புல்வெளியில் கதிர் வந்தது. "உயர்ந்த ஜாதிப் புல், பூக்கிறது" என்றார்கள் வக்கீல்கள். ஆனால் தாசில்தார் நமச்சிவாயம் குத்தகைக்கு உழுகிற வீட்டில் பிறந்தவர்.

"இது நெல். நன்செய் நிலத்துத் தீர்வை கட்ட வேண்டும்" என்றார்.

"இது புல். துரையே சொல்லிவிட்டார்" என்றார் சேர்மன்.

 நெல் என்று முடிவானால் துரையை ஏமாற்றிய குற்றம் வரும், வேதமுத்துவுக்கு வேலை போய்விடும். வழக்குக் காகிதக் கட்டு சென்னைப் பட்டணம் போயிற்று. அங்கே ஒரு செடிகொடி நிபுணர் யோசித்து, நெல்லும் புல் இனத்தைச் சேர்ந்ததே என்று பதில் எழுதினார். வேதமுத்து பிழைத்தார். சாலோமி கோயிலில் தோத்திரக் காணிக்கை போட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஆறுமுன்னே மேலிடத்து உத்தரவு வந்தது. நெல் புல்லாகையாலும், புல்வெளி பூங்காவாகையாலும், பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை நெல் நிற்கும் நிலமெல்லாம் இன்று முதல் பூங்கா. விதிகள் யாவும் பொருந்தும். மேற்பார்வை, நிரந்தரக் குமாஸ்தா வேதமுத்து. வரப்புக்கு வரப்பு பலகை முளைத்தது.

அவர் முதலில் போனது தம் சொந்த வயலுக்கு. இசக்கியப்பன் அரிவாளோடு நின்றான்.

"அறுக்கட்டா ஐயா?"

"புல்லுல கால் வைக்காதவே!"

"உங்க வயலுலா இது? கதிரு சாயுது ஐயா!"

"சாஞ்சா சாயட்டும். காத்து வாங்குது."

வீட்டில் சாலோமி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "வருசச் சாப்பாடு அங்கன நிக்கி. உத்தியோகத்தையா உலையில போடச் சொல்லுதிய?"

"நிரந்தர உத்தியோகம், சாலோமி" என்றார் வேதமுத்து. 

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கும் வயல் உண்டு. ஊரைக் கூட்டினேன். "நம்ம சோத்தை நாம பாக்கத்தான் செய்யணுமாம்! கேக்க நாதியில்லியா?" என்று கத்தினேன். ஆயிரம் பேர் சேர்ந்து துரை பங்களாவுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் தண்டோரா. மிக நேர்த்தியாகப் பராமரிக்கப்படும் பூங்காவுக்குத் துரைசாணி கையால் வெள்ளிப் பதக்கம்!

கூட்டம் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எனக்கு வீட்டுல ஒரு சோலி" என்று ஒருவர் நழுவினார். பிறகு பார்த்தால் எல்லோரும் அவரவர் வரப்பில் குரோட்டன்ஸ் தொட்டி வைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

மாசியில் மழை வந்தது. அறுக்காத நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைத்து, மறுபடியும் பச்சையாகிவிட்டது. துரைசாணிக்குத் தாங்கவில்லை. முதல் பதக்கம் வேதமுத்துவுக்கு, இரண்டாவது எனக்கு.

இப்போது எல்லோரும் ரங்கூன் அரிசிதான் சாப்பிடுகிறோம். கொஞ்சம் வாடை அடிக்கிறது, உண்மைதான். பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை.