கணக்குக் கேட்கப் போய்த் தட்டு வந்த கதை

அன்பும் மரியாதையும் உள்ள குணாளன் மச்சானுக்கு, குளுவாங்கிலிருந்து உங்கள் தங்கை புருஷன் செல்லப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், பிரேமலா, மலர், என்னுடைய பள்ளிப் பேருந்து நால்வரும் சுகம். பேருந்துக்கு மட்டும் காலையில் லேசான இருமல். அங்கே ஆயர் ஈத்தாமில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க முருகன் துணை.

மலருக்கு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், உங்கள் சேமநிதிப் பணத்தைத் தருவதாகச் சொன்னீர்கள். கூடவே, "போடற காசு சம்பளமா திரும்பி வருமான்னு நாலு பேர விசாரிச்சு, தாள்ல எழுதி அனுப்புங்க மாப்பிள்ள" என்றும் சொன்னீர்கள். நியாயமான பேச்சு. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். பள்ளிக்கூடமும் என்னைத் தடுக்கவில்லை. அப்படிப்பட்டவனிடம் ஆராய்ச்சியை ஒப்படைத்தீர்களே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

போன சனிக்கிழமை நம் ஐயாசாமி மகன் கல்யாணம். படித்த இளந்தாரிகள் எல்லாம் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? சாம்பார் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பையன் இலைக்கு முன்னும் நின்று, "என்ன படிச்சீங்க தம்பி? படிப்புக் கடன் கட்டியாச்சா? கைக்கு மாசம் எவ்வளவு வருது?" என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்: "எல்லாம் என் பொண்ணுக்காகத்தான் தம்பி." கொஞ்ச நேரத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. தெரியாத அம்மாக்கள் எல்லாம் "அண்ணே, நீங்க உக்காந்து சாப்புடுங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டார்கள். புதுச் சட்டை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிரேமலா மட்டும், "ஏங்க, ஆளுங்க நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

பையன்கள் சொன்ன சம்பளம் ஒவ்வொன்றும் கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. அதிலும் ராஜம்மா என்ற ஒரு அம்மாவின் மகன் ரூபேந்திரன், செடெனாக்கில் செம்பனை மரங்களை வெட்டின நிலத்தில் டேட்டா சென்டர் கட்டியிருக்கிறார்களே, அங்கே இன்ஜினியர். பையன் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே, "மாசம் ஆறாயிரம் வெள்ளிண்ணே, மேல வேற வரும்" என்றார். படிப்புச் செலவைக் கேட்டதற்கு, அதெல்லாம் விவரமாகப் பேசலாம் என்றார். "அப்ப ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்களேன்" என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை கைலியைக் கட்டிக்கொண்டு பேருந்துக்கு அடியில் படுத்திருக்கிறேன். வாசலில் இரண்டு கார். முதலில் தெரிந்தது செருப்புகள், அப்புறம் பட்டுச்சேலைக் கரை, அப்புறம் ஐந்து தட்டு! ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ, நடுவில் ஒரு லட்டுக் கோபுரம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த மலர், தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அலமாக்! அப்பா, என்ன பண்ணி வச்சீங்க?"

ராஜம்மா நாற்காலியில் அமர்ந்து, "பொண்ணு கல்யாணத்துக்கு அப்பறமும் படிக்கட்டுமே, நாங்க என்ன வேணாம்னா சொல்லப் போறோம்?" என்றார். கைலியில் கிரீஸ், நெற்றியில் கிரீஸ். கையெடுத்துக் கும்பிட்டு உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளை பார்க்கவில்லை அம்மா, படிப்புக்குப் போடும் காசு தேறுமா என்றுதான் பார்த்தேன் என்று. ரூபேந்திரன்தான் பேசினான். நல்ல பையன் மச்சான்.

"அங்கிள், கணக்குக்குத்தான்னா, என் சம்பளம் மூவாயிரத்துச் சொச்சம். ஓவர்டைம் சேத்து."

"டேய், சும்மா இரு லா!" என்றார் ராஜம்மா.

"அப்ப ஆறாயிரத்துக்கு மீதி?" என்றேன்.

"அது அம்மா சேத்தது அங்கிள்."

கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதென்று தட்டுகளை வைத்துவிட்டே அவர்கள் போனதும், மற்றப் பையன்களுக்கும் போன் போட்டு, கல்யாணப் பேச்சு இல்லை, கணக்குதான் என்றேன். ஒரே மத்தியானத்தில் குளுவாங் வட்டாரத்துச் சம்பளம் பாதியாகச் சரிந்தது. ஒருவர் படிப்பையே இன்னும் முடிக்கவில்லை.

ஆகவே மச்சான், காசு திரும்பாது. உங்கள் சேமநிதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதான் கட்டணத்துக்குக் கடைசி நாள். அந்த நாளும் வந்த வழியே போகட்டும். மலரிடம் சொன்னேன். "சரிப்பா, பேக்டரிக்கு மனு போடறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த லட்டில் ஒன்றைக்கூடத் தொடாமல் அறைக்குப் போய்விட்டாள். லட்டை வேண்டாம் என்கிற பிள்ளை இல்லை அது. மற்றபடி விசேஷம் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நோய்நொடி அண்டாமல், அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
செல்லப்பன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடவும். உறையை ஒட்டுமுன் பிரேமலாவுக்குப் படித்துக் காட்டினேன். அறைக்குள்ளிருந்து மலர் வெளியே வந்து, "ஏம்பா, ஒரு பொண்ணுகிட்டயாவது சம்பளம் கேட்டீங்களா?" என்றாள். கல்யாண மண்டபத்தில் ஒரு பெண்ணிடம் போய்ச் சம்பளம் கேட்டால் செருப்பு வராதா மச்சான்? உடனே அவள் போன் போட்டது யாருக்குத் தெரியுமா? ரூபேந்திரனின் அக்கா பிரீத்திக்கு. தட்டோடு வந்தவர்களில் அவளும் ஒருத்தி; அன்று நாங்கள் கூடத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் இருவரும் அடுப்படியில் சிநேகமாகிவிட்டார்களாம். பிரீத்தியும் மலர் படிக்கப் போகும் அதே படிப்பு, ஜொகூர் பாருவில் வேலை, படிப்புக் கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டாள். போனை நான் வாங்கினதும் சம்பளத்தைச் சொன்னாள், நான் உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"எனக்கும் மாப்பிள்ள பாக்கறாங்க அங்கிள். முழுசா சொன்னா பையன் வீட்டுல பயந்துடறாங்கன்னு அம்மா பாதியத்தான் வெளிய சொல்லுவாங்க. என்கிட்ட கழிச்சதத்தான் தம்பிக்குச் சேத்துட்டாங்க."

வெள்ளிக்கிழமைக்குள் பணத்தோடு நேரில் வரவும். கையில் பழம் எதுவும் வாங்கி வர வேண்டாம். இருக்கிற ஆப்பிளே இன்னும் தீரவில்லை. லட்டு மட்டும் இல்லை. மலர் தீர்த்துவிட்டாள்.