நெய்யா, எண்ணெயா? எலியைக் கேளுங்கள்

சோற்றில் நெய் விட்டுக்கொள்ளுமுன் வெப்பநிலை பார்க்கிற ஆசாமி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருப்பதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். சத்தியவேடு ஊர்க்காரர். கழுத்தில் எப்போதும் தெர்மாமீட்டர் தொங்கும் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரும் அதுவே.

காலேஜில் எலி ஆராய்ச்சி. கூண்டுக்கு இரண்டு கிண்ணம். ஒன்றில் நெய் பிசைந்த தீனி, இன்னொன்றில் சூரியகாந்தி எண்ணெய் பிசைந்தது. ஏசி அறை எலி எண்ணெய்ப் பக்கம் போகிறது, புழுக்கத்தில் கிடக்கும் எலி நெய்ப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்திருந்தார்.

"குளிர்ல நெய் உறைஞ்சிபூடும், எண்ணெய் உறையாது. ஒடம்புக்குள்ளயும் அதே கதைதான். எலி அத்த தெரிஞ்சிகினு துன்னுது" என்பார். அதோடு விட்டாரா? எலிக்கு உள்ள புத்தி மனுஷனுக்கும் வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

வடமாலபேட்டையில் ஏசி மண்டபத்தில் ஒரு கல்யாணம். இலையில் பொங்கல் விழுந்ததும், நெய்யோடு வந்த சமையல்காரரை மறித்துத் தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

"இந்தக் குளுருக்கு நெய் ஆவாதுப்பா. எண்ணெய் எட்தாந்து ஊத்து."

சமையல்காரர் கடுப்பாகி, வடை சுட்ட எண்ணெயையே ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். மனிதர் ரசித்துச் சாப்பிட்டார். பக்கத்து இலையிலிருந்த நான்தான் பாதியில் எழுந்துவிட்டேன்.

மே மாதம் காலேஜ் ஏசி படுத்துவிட்டது. ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வாரம். குளிர் விட்டால் பட்டமே போச்சு. எலிகளை ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது அம்மாவின் அறையில் மட்டும்.

"எலிங்க ஏசியில கீதுங்க, நான் கூடத்துல வெந்துகினு கெடக்கணுமா?" என்று கத்திக்கொண்டே அம்மா தலையணையோடு கூடத்துக்குக் குடிபெயர்ந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் திட்டாத எலி இல்லை.

கடைசி நாள் மதியம் கரண்ட் போயிற்று. தெர்மாமீட்டரில் சூடு ஏற ஏற அவர் முகம் செத்தே போய்விட்டது. "போச்சும்மா, எல்லாம் போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா டீக்கடைக்கு ஓடினாள். அங்கே உட்கார்ந்திருந்த லைன்மேனிடம், "பாபூ, பில்லலு லோபல உடிகிபோதுன்னாரு! புள்ளைங்க உள்ள வெந்து சாவுதுங்கப்பா!" என்று இரண்டு பாஷையிலும் அலறினாள். அவன் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஃபியூஸ் மாற்றினான். கரண்ட் வந்தது. வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கே வந்து, "பில்லலு எக்கட? புள்ளைங்க எங்க?" என்று கேட்டான்.

அம்மா கூண்டைக் காட்டினாள். "தோ, தூங்கினு கீதுங்க பாரு."

அவன் எலியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மிச்ச டீயைக் குடிக்கத் திரும்பிப் போய்விட்டான்.

பட்டம் வாங்கிய தெர்மாமீட்டர் இப்போது ஏதோ பனி கொட்டும் தேசத்தில் இருக்கிறார். போன வாரம் வீடியோ காலில் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க எலும்பு உறையிற குளுரு. கணக்குப்படி எனக்கு எண்ணெய்தான் எறங்கணும். ஆனா உங்க நெய்ப் பொங்கலே நெனப்புக்கு வந்துகினு கீது. என் ஆராய்ச்சி தப்பாம்மா?"

"எலிக்கெல்லாம் அது சரிதான் நைனா. நீ எங்க வூட்டுப் புள்ளயாச்சே" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் தள்ளி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று வீடெல்லாம் வெண்ணெய் காய்ச்சும் வாசனை. பாட்டிலில் நெய் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள், கூரியருக்கு நான்தான் போகவேண்டும். போகிறேன். அந்த ஆளை எனக்கும் ரொம்பத்தான் தேடுகிறது.